உயில் இல்லாச் சொத்தும் எல்லையோரக் குடும்பங்களும்

ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டால் அவருடைய சொத்து உரியவரற்றுக் கிடப்பதில்லை. உயிர் பிரிந்த அந்தக் கணத்திலேயே, சட்டம் வகுத்த பங்கின்படி, அது வாரிசுகள் அனைவரையும் சேர்ந்துவிடுகிறது. ஆனால் பங்கு சேர்வதும் அந்தப் பங்கு ஆவணத்தில் ஏறுவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே சில மாதங்களோ பல ஆண்டுகளோ அந்தச் சொத்தை யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர் என்ன உரிமையில் பார்த்துக்கொள்கிறார், யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது பேசப்படாமலே போவதுதான் பெரும்பாலான குடும்பச் சச்சரவுகளுக்கு வேர். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வரையிலும், இடுக்கியில் மறையூர், மூணாறு, போடிமெட்டு, குமுளி, வண்டிப்பெரியாறு வரையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த இடைவெளி மற்றவர்களைவிட நீண்டது. வீடு ஒரு மாநிலத்திலும் வயல் இன்னொரு மாநிலத்திலும் இருப்பதும், பிறந்த ஊர் தேனியாகவும் பிழைத்த ஊர் தேவிகுளமாகவும் இருப்பதும் அங்கே விதிவிலக்கல்ல, அன்றாட வழக்கம்.

இந்த எல்லையோரத்தின் சட்ட நிலையைப் புரிந்துகொள்ள அதன் அரசியல் வரலாற்றைச் சிறிது அறிய வேண்டும். பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதற்குக் கிழக்கே ஒட்டிக் கிடக்கும் சித்தூர் வட்டம் கொச்சி மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டது. இன்றைய இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு பகுதிகள் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மூன்றும் கேரளத்துக்குள் வந்தன. ஆட்சி ஒன்றானாலும் வாரிசுரிமை முறைகள் உடனே ஒன்றாகிவிடவில்லை. எந்த மதம், எந்த வழக்காறு, நிலம் எந்த எல்லைக்குள், மரணம் எந்த ஆண்டில் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே, ஒரு குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு என்று இன்றும் சொல்ல முடிகிறது.

இதை ஒரு கணக்கின் மூலம் காணலாம். தாய், மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் ஆகியோரை விட்டுவிட்டு, தாம் சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் ஒருவர் இறக்கிறார் எனக் கொள்வோம். அவர் இந்து எனில், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இந்த ஐவரும் முதல் வகுப்பு வாரிசுகள், அதாவது வேறு எந்த உறவினரும் குறுக்கே வர முடியாத முதல் வரிசையினர். ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. அவர் கிறிஸ்தவர் எனில், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், மீதி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக ஒன்பதில் இரண்டு பங்கு வீதமும் போய்ச் சேரும்; பிள்ளைகள் இருப்பதால் தாய்க்கு ஒன்றுமில்லை. பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம் போன்ற முஸ்லிம் குடும்பம் எனில், சொத்தை 120 கூறுகளாக்கி மனைவிக்கு 15, தாய்க்கு 20, மகன்களுக்கு 34 வீதம், மகளுக்கு 17 எனப் பிரிக்க வேண்டும். அடுத்தடுத்த மூன்று வீடுகளில் ஒரே வகையான இழப்பு நேர்ந்தாலும் மூன்று வகையான பங்கீடு வருகிறது. பக்கத்து வீட்டில் நடந்ததைப் பார்த்துத் தம் வீட்டிலும் அப்படித்தான் என்று நம்பிவிடும் குடும்பம் தொடக்கத்திலேயே தவறான தடத்தில் இறங்கிவிடுகிறது.

இந்துக் குடும்பங்களில் தாயின் பங்கு தனியாகக் கவனிக்கத் தக்கது, ஏனெனில் பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். மகன் இறந்த பிறகு வயதான தாய் பேரப்பிள்ளைகளோடு அதே வீட்டில் இருப்பதால், அவருக்கு ஐந்தில் ஒரு பங்கு இருப்பதாக யாருக்கும் தோன்றுவதில்லை. சில ஆண்டுகளில் அவரும் உயில் எழுதாமல் இறந்தால், அந்தப் பங்கு அவருடைய பிள்ளைகள் அனைவருக்கும், அதாவது இறந்தவரின் அண்ணன் தம்பி அக்காள் தங்கைகளுக்கும் சேர்ந்து பிரிகிறது. கணவர் கட்டிய வீட்டை விற்கப் போகும் விதவையிடம், கணவரின் உடன்பிறந்தோர் அனைவரும் கையெழுத்திட வேண்டும் என்று ஆவண எழுத்தர் சொல்லும்போதுதான் குடும்பத்துக்கு இது தெரியவருகிறது. கொழுந்தனார்கள் பேராசையால் வழிமறிப்பதாக அந்தப் பெண்ணும், சட்டப்படி தங்களுக்கு உள்ளதைத்தான் கேட்பதாக அவர்களும் நினைக்கிறார்கள். தாய் உயிரோடு இருந்தபோதே தம் பங்கை மருமகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ எழுதிக் கொடுத்திருந்தால் அந்த மனக்கசப்புக்கு இடமே இருந்திருக்காது.

தாமே சம்பாதித்த சொத்தின் நிலை இது. தலைமுறை தலைமுறையாக வந்த பூர்வீக நிலம் எனில் மாநில எல்லையே பங்கை மாற்றிவிடுகிறது. சித்தூர் வட்டத்தின் வேளாண் குடும்பங்களும் கல்பாத்தி போன்ற அக்கிரகாரங்களின் குடும்பங்களும் மிதாட்சர முறையைப் பின்பற்றியவை. அம்முறையில் மகன் பிறந்ததுமே பூர்வீகச் சொத்தில் பங்காளியாகிவிடுகிறான். கேரளம் இந்து கூட்டுக் குடும்ப முறையை ஒழிக்கும் சட்டத்தை இயற்றி 1976 டிசம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. அன்றோடு பிறப்பால் வரும் உரிமை நின்றது, அன்று உயிரோடு இருந்த பங்காளிகளின் பங்கு அவரவருக்கென உறுதியானது. தமிழ்நாட்டில் கூட்டுக் குடும்ப முறை நீடித்தது. 1989 மார்ச் 25 அன்று மணமாகாமல் இருந்த மகள்களை அங்குள்ள திருத்தச் சட்டம் பங்காளிகளாக்கியது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடாளுமன்றத்தின் திருத்தம் எல்லா மகள்களையும் பங்காளிகளாக்கியது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இதன் விளைவை ஒரே தந்தையின் இரண்டு வயல்களில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று வேலந்தாவளத்திலும் மற்றொன்று எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சி வட்டத்திலும் இருக்கிறது. 2010இல் இறந்த தந்தைக்கு மனைவியும், 1976க்கு முன்பே பிறந்த இரண்டு மகன்களும், ஒரு மகளும் உள்ளனர். கேரளச் சட்டத்தின்படி தந்தைக்கும் மகன்களுக்கும் 1976இலேயே மூன்றில் ஒரு பங்கு வீதம் நிலைத்துவிட்டதால், தந்தையின் மூன்றில் ஒன்று மட்டுமே நால்வருக்கும் பிரியும். மகளுக்குக் கிடைப்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. பொள்ளாச்சி வயலில் மகளும் பங்காளி என்பதால் அவளுக்குப் பதினாறில் ஐந்து பங்கு, அதாவது சகோதரர்களுக்கு உள்ளதே அவளுக்கும். கேரளச் சட்டத்தின் இந்தப் பிரிவுகள் 2005ஆம் ஆண்டின் மையத் திருத்தத்தோடு முரண்படுவதால் நிலைக்கத் தக்கவை அல்ல என்று 2025 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்திருப்பது இந்த வேறுபாட்டைத் துடைக்கும் முயற்சி. தாமதமாக வந்தாலும் வரவேற்கத் தக்க தீர்ப்பு இது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கணக்கின்படி பிரித்து, விற்று, கைமாறிய நிலங்களைக் குறித்துப் புதிய கேள்விகளை அது எழுப்பாமல் இருக்காது.

மதம் ஒன்றே முறையைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கும் சித்தூரே சான்று. அவ்வட்டத்துத் தமிழ் வன்னியக் கிறிஸ்தவர்கள் மதம் மாறிய பின்னும் வாரிசுரிமையில் இந்து மிதாட்சர வழக்காற்றையே பின்பற்றி வந்தார்கள். தந்தை பட்ட கடனுக்கு மகன்களின் பூர்வீகப் பங்கும் பொறுப்பாகுமா என்ற வழக்கு அக்குடும்பம் ஒன்றிலிருந்து உச்சநீதிமன்றம் வரை சென்றது. தந்தையின் கடனைத் தீர்க்கும் கடமை இந்து சமய நம்பிக்கை சார்ந்தது, கிறிஸ்தவர்களைக் கட்டுப்படுத்தாது என்ற வாதத்தை ஏற்க மறுத்த நீதிமன்றம், பிறப்பால் வரும் உரிமையும் அந்தக் கடமையும் பிரிக்க முடியாதவை, உரிமையை ஏற்றவர் கடமையையும் ஏற்க வேண்டும் என்று 1969இல் தீர்ப்பளித்தது. அந்தக் கடமையையும் கேரளத்தின் 1976ஆம் ஆண்டுச் சட்டம் பின்னர் நீக்கிவிட்டது.

கிறிஸ்தவப் பெண்களைப் பொறுத்தவரை மேரி ராய் வழக்கு இந்த எல்லையின் பொருளை முழுமையாகக் காட்டுகிறது. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், உயிலின்றி இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்கு மகனின் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதையே தந்தது. மேரி ராயின் தந்தை உயில் எழுதாமல் இறந்தார். கணவரைப் பிரிந்து இரு குழந்தைகளோடு, தந்தைக்குச் சொந்தமான ஊட்டி வீட்டில் தங்கியிருந்த அவரை, மகளுக்கு உரிமையில்லை என்று சொல்லிச் சகோதரர் வெளியேறச் சொன்னார். ஊட்டி தமிழ்நாட்டில் இருப்பதால் திருவிதாங்கூர்ச் சட்டம் அங்கே செல்லாது என்ற செய்தியே அப்போது அவரைக் காத்தது. பின்னர் கேரளத்துச் சொத்துக்காக அவர் உச்சநீதிமன்றத்தை அணுகினார். திருவிதாங்கூர்ச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே செயலிழந்துவிட்டது, இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று 1986 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு வந்தது. அதன் பயன் அவர் கைக்கு வந்து சேர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. பீருமேட்டிலும் தேவிகுளத்திலும் உள்ள கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்களின் மகள்களுக்கும் அந்தத் தீர்ப்பே சமபங்கின் அடிப்படை.

பங்கின் அளவைச் சட்டம் சொல்லிவிடும். பங்கு பிரியும் வரை சொத்தை நடத்துவதில்தான் உறவு முறிகிறது. சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கேரளத்தின் பல மாவட்டங்களிலுள்ள கள்ளுக்கடைகளுக்கு இங்கிருந்துதான் கள் போகிறது. தோப்புக்காரர் மரங்களைக் கள்ளுக்கு விட்டு, மரத்துக்கு இவ்வளவு என்று பணம் பெறுகிறார். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால், எல்லைக்கு அப்பால் உள்ள தோப்பில் தேங்காய் வெட்டு மட்டுமே வருமானம். தந்தை இறந்த பிறகு மூத்த மகன் இரண்டு தோப்புகளையும் கவனிக்கிறார்: கிணற்று மோட்டார் பழுது, உரம், வெட்டுக் கூலி, தாயின் மருத்துவம், தங்கையின் வளைகாப்பு என எல்லாச் செலவும் அவர் கை வழியே போகின்றன; கள்ளுப் பணமும் தேங்காய்ப் பணமும் அவர் கைக்கே வருகின்றன. ஐந்தாறு ஆண்டுகள் கழித்துத் தம்பி கணக்குக் கேட்கும்போது, எழுதி வைக்காத கணக்கை அண்ணனால் காட்ட இயலவில்லை. காட்டாததைத் தம்பியால் நம்பவும் இயலவில்லை. இருவரும் உண்மையே பேசுகிறவர்களாக இருக்கலாம், ஆனாலும் அந்த வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது.

இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. ஏலச்செடியைச் சில மாதங்கள் கவனிக்காமல் விட்டாலும் தோட்டம் கெட்டுவிடும்; பருவத்தில் திரும்பத் திரும்பக் காய் எடுக்க வேண்டும், ஸ்டோரில் உலர்த்த வேண்டும், புற்றடியிலோ போடிநாயக்கனூரிலோ ஏலத்துக்கு அனுப்ப வேண்டும். வாரிசுகள் கம்பத்திலும் சென்னையிலுமாகப் பிரிந்திருக்கும்போது தோட்டத்தில் இருப்பவரே எல்லாம் செய்கிறார். விற்பனையும் அவர் பெயரிலேயே நடக்கிறது. தந்தை உயிரோடிருந்தபோது எழுதிக் கொடுத்த பொது அதிகாரப் பத்திரம் இருப்பதால் தமக்கு முழு உரிமை உண்டென்று அவர் எண்ணுவதும் உண்டு. அந்தப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் இறந்த உடனே காலாவதியாகிவிடுகிறது. அதன் பிறகு அவர் மற்ற வாரிசுகளோடு சேர்ந்த கூட்டு உரிமையாளர் மட்டுமே. நியாயமான செலவைக் கழித்தபின் மிஞ்சும் வருவாயில் மற்றவர்களின் பங்குக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். மறுபுறம், பல ஆண்டுகள் தனியாக அனுபவித்ததாலேயே நிலம் அவருடையதாகிவிடாது: ஒரு கூட்டு உரிமையாளரின் அனுபவம் எல்லாருக்குமான அனுபவமாகவே கருதப்படும், மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அவர்கள் அறிய, 12 ஆண்டுகள் வைத்திருந்தால் மட்டுமே நிலைமை மாறும்.

தொலைவில் இருக்கும் வாரிசுகள் தோட்டத்தில் இருப்பவரின் உழைப்பைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கருமாதி முடிந்து எல்லாரும் ஊர் திரும்புவதற்கு முன்பே, யார் நடத்துவது, அவருக்கு மாதம் எவ்வளவு ஊதியம், எந்த வங்கிக் கணக்கில் வரவு செலவு, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை கணக்கு என்பதை ஒரு தாளில் எழுதி அனைவரும் கையெழுத்திட்டால், பின்னாளில் வரும் பாதி வழக்குகளுக்கு வழியே இராது. துக்க வீட்டில் பணம் பேசலாமா என்ற கூச்சம்தான் இதற்குத் தடை.

ஆவணத்தில் பெயர் ஏறும் வழி எல்லையோரத்தில் சுற்று வழி. கடைசி நாட்களில் கோவைக்கோ தேனிக்கோ கொண்டு செல்லப்பட்டு மருத்துவமனையில் இறப்பவர்கள் பலர். மரணம் எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாகும் என்பதால் இறப்புச் சான்றிதழ் தமிழ்நாட்டிலிருந்து வருகிறது, வாரிசுச் சான்றிதழுக்கான விண்ணப்பம் சித்தூர் அல்லது தேவிகுளம் தாசில்தாரிடம் போகிறது. கேரளத்தில் வில்லேஜ் ஆபீஸர் விசாரித்த பிறகு, ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்குமாறு அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு, காலக்கெடு முடிந்த பின்னரே சான்றிதழ் தரப்படுகிறது. ஆதாரில் முன்னெழுத்தோடும், கேரளத்து ஆவணத்தில் வீட்டுப்பெயரோடும், தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில் வேறு எழுத்துக்கூட்டலோடும் இருக்கும் பெயர்கள் ஒருவரையே குறிப்பவை என நிறுவ ‘ஒன் அண்ட் சேம்’ சான்றிதழ் வாங்க வேண்டும். அதன் பிறகு போக்குவரவு, அதாவது தமிழ்நாட்டில் பட்டா மாறுதல் எனப்படுவதற்கு இணையாக வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றுதல். அது முடிந்தால்தான் வாரிசுகள் பெயரில் தண்டப்பேர் கணக்கு விழும், நிலவரி கட்டிய ரசீது கிடைக்கும்.

இந்த ரசீதைச் சுற்றி ஒரு தவறான நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஒரு மகன் தன் பெயரில் மட்டும் வரி கட்டி வருவதால் நிலம் தனக்கே என்று நினைக்கிறான், விலகியிருக்கும் அக்காளும் அப்படியே நினைத்து மனம் விட்டுவிடுகிறாள். வாரிசுச் சான்றிதழோ, போக்குவரவோ, வரி ரசீதோ உரிமையைப் படைப்பதில்லை. அவை வரி வசூலுக்கும் அலுவலக நடைமுறைக்கும் ஆனவை, விடுபட்ட வாரிசின் பங்கை அவற்றால் அழிக்க முடியாது. தாள்கள் அனைத்தும் மலையாளத்தில் இருப்பதால் எதில் கையெழுத்திடுகிறோம் என்று அறியாமலே ஒழிமுறிப் பத்திரத்தில், அதாவது தம் பங்கை விட்டுக்கொடுக்கும் ஆவணத்தில், பெயரெழுதித் தந்துவிடும் பெண்கள் உண்டு. சிறுபான்மைத் தமிழர் வாழும் பகுதிகளில் அரசு அலுவலகங்களோடு தமிழிலேயே எழுதிப் பதில் பெறும் உரிமையைக் கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தந்திருக்கிறது. இந்த இடத்தில் அதைப் பயன்படுத்தாமல் விடுவது பெரும் இழப்பு.

நிலமே எந்த வகை என்பதும் முக்கியம், ஏனெனில் இறந்தவருக்கு இருந்த உரிமைக்கு மேல் வாரிசுக்கு வராது. ஏலமலைக் காடுகளில் குத்தகை நிலங்கள் உள்ளன; தேவிகுளம் வட்டத்தில் 1999இல் வழங்கப்பட்ட 530 பட்டயங்களை ரத்துசெய்யக் கேரள அரசு 2022 ஜனவரியில் ஆணையிட்டது. தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் வாழும் லயங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. அவற்றில் வாரிசுரிமை எழுவதில்லை. தோட்டத் தொழிலாளி விட்டுச்செல்வது பெரும்பாலும் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, வங்கிச் சேமிப்பு, சொந்த ஊரில் வாங்கிய வீட்டுமனை ஆகியவையே. வங்கியில் நியமனதாரராகப் பெயர் தரப்பட்டவருக்கே பணம் முழுவதும் சொந்தம் என்ற எண்ணமும் பிழையானது. வங்கிப் பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்க்கும் பொறுப்பே அவருடையது. அட்டப்பாடியின் இருளர், இடுக்கியின் முதுவர் போன்ற பழங்குடியினருக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. அவர்களுடைய வழக்காறே அங்கு சட்டம்.

பேச்சு முறிந்தால் பாகப்பிரிவினை வழக்கு. ஒரே குடும்பத்தின் சொத்துகள் இரு மாநிலங்களில் இருந்தாலும் ஏதாவது ஒரு பகுதி உள்ள நீதிமன்றத்திலேயே அனைத்துக்கும் சேர்த்து வழக்குத் தொடரலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் அனுமதிப்பதால், பாலக்காட்டில் ஒன்று கோவையில் ஒன்று என இரு வழக்குகள் நடத்த வேண்டியதில்லை. நீதிமன்றம் முதலில் யாருக்கு எத்தனை பங்கு என்று முதனிலைத் தீர்ப்பாணை தருகிறது. பின்னர் ஆணையர் நிலத்தை அளந்து பிரித்த பிறகு இறுதித் தீர்ப்பாணை வருகிறது. இரண்டுக்கும் நடுவே பல்லாண்டுகள் கழிந்து, வழக்குத் தொடுத்தவரே இறந்து, அவருடைய வாரிசுகள் சேர்க்கப்படுவது வழக்கமாகிவிட்டது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2022 ஜூனில், தனி மனுவுக்குக் காத்திராமல் விசாரணை நீதிமன்றங்களே இறுதித் தீர்ப்பாணைக்கான நடவடிக்கையைத் தொடர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் பணித்தது இதனால்தான். சட்டப் பணிகள் குழு நடத்தும் லோக் அதாலத்தில் உடன்பாடு ஏற்பட்டால் அதுவே தீர்ப்பாணைக்கு ஈடாகும், மேல்முறையீடும் கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் வாய்மொழியாகப் பிரித்துக்கொள்வதும் செல்லும். ஆனால் பிரித்தளிப்பதே அந்தத் தாள்தான் என்றால் அதைப் பதிவு செய்தாக வேண்டும்.

குழந்தையில்லாத இந்துப் பெண்ணின் சொத்தே இவை அனைத்திலும் கவலைக்குரியது. பெற்றோரிடமிருந்து வந்தது தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பிவிடும். ஆனால் அவர் தாமே உழைத்துச் சேர்த்தது, கணவரும் இல்லாத நிலையில், அவருடைய தாய் தந்தையருக்கு முன்பாகக் கணவரின் வாரிசுகளுக்குப் போகிறது. கணவர் இறந்ததும் புகுந்த வீட்டாரால் துரத்தப்பட்டு, பிறந்த வீட்டின் ஆதரவில் படித்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சேமிப்பு கணவரின் குடும்பத்துக்கே உரியது என்று 2009இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்க நேர்ந்தது. பரிவு வேறு, சட்டம் வேறு என்பதே நீதிமன்றத்தின் நிலைப்பாடாக இருந்தது. முப்பது ஆண்டுகள் கொழுந்து கிள்ளிய பணத்தில் போடியில் ஒரு வீட்டுமனை வாங்கி, முதுமையில் தங்கையின் பராமரிப்பில் இருக்கும் பெண் தொழிலாளிக்கும் இதே விதிதான் காத்திருக்கிறது. அந்த மனை தங்கைக்குச் சேர முத்திரைத்தாளும் பதிவும் தேவையில்லை: மனையின் சர்வே எண்ணையும் தங்கையின் பெயரையும் எழுதி, சாட்சிகள் இருவர் பார்க்க அவர் கையெழுத்தோ கைநாட்டோ இட, அவர் முன்னிலையில் அந்த இருவரும் கையொப்பமிட்ட ஒரு வெள்ளைத்தாள் போதும்.